சிறுமலை ஏற்றமும் ஆறு ரோலர்களும்

சிறுமலை ஏற்றத்தில் இரண்டு பேரை வைத்துக்கொண்டு 110 சிசி ஸ்கூட்டர் முக்கி முனகினால், பெரும்பாலானவர்கள் முதலில் சந்தேகப்படுவது எஞ்சினைத்தான். "கம்ப்ரஷன் போயிருச்சு", "ரிங் மாத்தணும்", "நல்ல ஆயிலா ஊத்திப் பாருங்க" என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். பல வண்டிகளில் எஞ்சின் நன்றாகவே இருக்கும். கோளாறு இடது பக்கம், கிக்கர் மாட்டியிருக்கும் அந்த நீளமான கவருக்குள் இருக்கும். அங்கே இருக்கிற இரண்டு புல்லிகளும் ஒரு பெல்ட்டும் சேர்ந்துதான் எஞ்சின் எந்த வேகத்தில் சுற்றலாம் என்று முடிவு செய்கின்றன. அதை ஒழுங்காக அமைத்துவிட்டால், எஞ்சினைத் தொடாமலே வண்டி வேறு மாதிரி ஏறும்.

மச்சினனுக்குச் சிறுமலையில் தோட்டம். எலுமிச்சை, காப்பி, கொஞ்சம் மலைவாழை. மதுரையிலிருந்து திண்டுக்கல் வரை நான்குவழிச் சாலையில் எந்த வண்டியும் ஓடிவிடும். அதற்குப் பிறகு வரும் 18 கொண்டை ஊசி வளைவுகளில்தான் வண்டியின் லட்சணம் தெரியும். வளைவுக்காக வேகம் குறைத்து, திரும்பியதும் மறுபடி முறுக்கும்போது எஞ்சின் சட்டென்று சுற்றுக் கூடி இழுக்க வேண்டும். என் வண்டியில் அது நடக்கவில்லை. அடித்தொண்டையில் ஒரு உறுமல் மட்டும் கேட்கும், வண்டி நகர யோசிக்கும். பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவி, "நான் வேணா இறங்கி நடக்கவா?" என்று கேட்கிற அளவுக்கு.

உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்லிவிடுகிறேன். இது பிடிபட்டால் மற்றது தானாக வரும்.

முன்னால், கிராங்க்ஷாஃப்டின் முனையில் மாட்டியிருப்பது வேரியேட்டர். அதற்குள் சரிவான தடங்களில் ஆறு ரோலர்கள். எஞ்சின் வேகமாகச் சுற்றச் சுற்ற ரோலர்கள் வெளிப்பக்கம் ஓடும். ஓடும்போது புல்லியின் நகரும் பாதியைத் தள்ளும். இரண்டு பாதிகளும் நெருங்க, நடுவில் இருக்கும் பெல்ட் விளிம்பை நோக்கி ஏறும். அதுதான் மேல் கியர். பின்னால், சக்கரத்தின் பக்கம் இருக்கிற புல்லியை ஒரு தடித்த ஸ்பிரிங் நெருக்கிப் பிடித்திருக்கிறது. காண்ட்ரா ஸ்பிரிங் என்பார்கள். அது பெல்ட்டைக் கீழ் கியரிலேயே வைத்திருக்கப் பார்க்கும். அந்தப் புல்லியின் நடுக்குழாயில் சாய்வான வெட்டுகளும் அவற்றுக்குள் நகரும் பின்களும் உண்டு. மேடு வந்து சக்கரத்தில் பாரம் கூடும்போது, அந்தச் சாய்வு பின்புல்லியை இன்னும் இறுக்கி, பெல்ட்டைக் கீழ் கியருக்கு இழுத்துவிடும்.

பொங்கலுக்கு ஊரில் நடக்கும் கயிறு இழுக்கும் போட்டி மாதிரிதான் இது. ஒரு பக்கம் ரோலர்கள், மறுபக்கம் ஸ்பிரிங்கும் சாய்வெட்டும். முன்னால் இருப்பவர்களுக்குத் தெரிந்தது எஞ்சினின் வேகம். பின்னால் இருப்பவர்களுக்குத் தெரிந்தது சக்கரத்தின் பாரம். ஸ்கூட்டரை டியூன் செய்வது என்றால் இந்த இரண்டு அணிகளையும் சமன் செய்வது, அவ்வளவுதான்.

இந்த ஏற்பாடு ஸ்கூட்டருக்காகப் பிறந்தது அல்ல. நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் 1958-ல் வேரியோமேட்டிக் என்ற பெயரில் இதைச் சின்னக் காரில் போட்டது. நம் ஊர்ச் சாலைக்கு 1980-களில் கைனடிக் ஹோண்டா மூலம் வந்தது. இன்று மதுரையில் பள்ளிக்கூட வாசல், பூ மார்க்கெட், ஆஸ்பத்திரி என்று எங்கே பார்த்தாலும் நிற்கிற ஸ்கூட்டர்களில் பாட்டரி வண்டிகளைத் தவிர அநேகமாக எல்லாவற்றிலும் இதுதான் ஓடுகிறது. ஆனால் கவரைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு.

இதே பெல்ட்டும் புல்லியும்தான் பனியில் ஓடும் ஸ்னோமொபைலிலும் இருக்கிறது. கனடாவின் கால்கரியில் இருக்கும் சித்தி மகன் அப்படி ஒன்று வைத்திருக்கிறான். 850 சிசி, 160 குதிரைத்திறனுக்கு மேல். அவன் தன் வண்டியைப் பிரித்துப் போட்டு அனுப்பிய படங்களைப் பார்த்த பிறகுதான் எனக்கு என் ஸ்கூட்டரே தெளிவாகப் புரிந்தது. அங்கே ரோலருக்குப் பதில், கீலில் ஆடும் எடைக் கைகள். அவை சுழற்சி வேகத்தில் வெளியே விரிந்து புல்லியைத் தள்ளும். நம் வண்டியில் சுற்று கூடும்போது விரிந்து, ஒரு டிரம்மைக் கவ்வி, சக்கரத்தைச் சுற்ற வைக்கிற கிளட்ச் ஷூ பின்னால் தனியாக இருக்கிறதே, அது அதில் கிடையாது. ஐடிலில் முன்புல்லி பெல்ட்டைப் பிடிக்காமல் விட்டுவைக்கும், நிமிடத்துக்கு 3,000-க்கு மேல் 4,500-க்குள் ஏதோ ஒரு சுற்றில்தான் கவ்வும். பின்புல்லியின் சாய்வெட்டை அங்கே ஹீலிக்ஸ் என்கிறார்கள், விதவிதமான கோணங்களில் கடையில் கிடைக்கிறது. கோணம் கூடினால் வண்டி சீக்கிரம் மேல் கியருக்குப் போகும், எஞ்சின் சுற்றுக் குறையும். கோணம் குறைந்தால் பெல்ட்டை இறுக்கிப் பிடித்து, பாரம் வந்ததும் சட்டென்று கீழ் கியருக்கு வரும்.

"அண்ணே, பவர் எந்த ஆர்பிஎம்ல வருதோ, அங்கேயே எஞ்சினைப் பிடிச்சு வைக்கிறதுதான் கிளட்ச்சோட வேலை. அது நடக்குதான்னு முதல்ல பாருங்க. மத்ததெல்லாம் அப்புறம்," என்றான். அவர்கள் இந்தப் புல்லிகளையே கிளட்ச் என்பார்கள்.

எப்படிப் பார்ப்பது? என் ஸ்கூட்டரில் ஆர்பிஎம், அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்று காட்டும் முள் கிடையாது. ஸ்பார்க் பிளக் ஒயரில் சுற்றிவிட்டால் எஞ்சின் சுற்றைக் காட்டுகிற சின்ன மீட்டர் ஆன்லைனில் கிடைக்கிறது. இந்த வேலையில் நான் வாங்கிய பொருள்களிலேயே பிரயோஜனமானது அதுதான். காது ஏமாற்றும். சத்தம் கூடினாலே வண்டி வேகமாகப் போகிறது என்று மனசு நம்பிவிடும். மீட்டர் அப்படி இல்லை.

நன்றாக அமைந்த வண்டியில் முழுசாக முறுக்கிப் போகும்போது எஞ்சின் சுற்று ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும், வேகம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். 20-லிருந்து 60 வரை சத்தம் மாறக் கூடாது. 110 சிசி வண்டிகளில் பெரும்பாலும் டார்க் எனும் முறுக்குவிசை 5,000-க்கும் 5,500-க்கும் நடுவே உச்சத்தில் இருக்கும். குதிரைத்திறன் உச்சம் 7,500 - 8,000 பக்கம். கம்பெனிக்காரர்கள் மைலேஜையும் பார்க்க வேண்டும் என்பதால், எஞ்சினை அந்த மேல் உச்சத்துக்கு வெகுகீழேயே ஓட விடுகிறார்கள். டவுனுக்குள் அதுதான் சரி. என் வண்டி சிறுமலை வளைவுகளில் 5,000-ஐத் தொடவே தயங்கியது. அது கம்பெனியின் கணக்கும் இல்லை, ஏதோ தேய்ந்திருக்கிறது என்று தெரிந்தது.

செல்லூர் பக்கம் எங்களுக்கு வழக்கமான மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். கம்மியாகப் பேசுவார். கவரைக் கழற்றி, வேரியேட்டர் நட்டைத் தளர்த்தி, ரோலர்களை என் உள்ளங்கையில் கொட்டினார். உருளையாக இருக்க வேண்டிய ரோலர் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சப்பையாகத் தேய்ந்திருந்தது. கறுப்பு நைலான் உறை ஓரத்தில் பளபளவென்று இருந்தது. சப்பையான ரோலர் உருளாது, இழுபடும். ஏறிய இடத்திலேயே மாட்டிக்கொண்டு, வேகம் குறைந்தாலும் இறங்கி வர மறுக்கும். வளைவில் வண்டி யோசித்ததற்குக் காரணம் அங்கே இருந்தது. பின்புல்லியின் பின்களிலும் கிரீஸ் காய்ந்து மண் மாதிரி ஆகியிருந்தது. அதுவும் சேர்ந்து, கீழ் கியருக்கு வர வேண்டிய பெல்ட்டைத் தடுத்துக்கொண்டிருந்தது.

நான் ஆர்வத்தில், லேசான ரோலர், கெட்டி ஸ்பிரிங், புதுக் கிளட்ச் எல்லாம் போட்டுவிடலாமா என்று கேட்டேன்.

"தம்பி, எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்துனா எது வேலை செஞ்சுச்சுன்னு எப்படிச் சொல்லுவீங்க? முதல்ல கம்பெனி ரோலரையே புதுசாப் போடுவோம். ஓட்டிப் பாத்துட்டு வாங்க," என்றார்.

பெல்ட்டை வெர்னியரில் அளந்தார். அகலம் குறைந்திருந்தது. பெல்ட் ஒரு மில்லிமீட்டர் ஒடுங்கினாலே இரண்டு பக்கமும் நஷ்டம். கிளம்பும்போது பின்புல்லியில் உள்ளே தாழ்ந்து உட்காரும், அதனால் கீழ் கியர் முழுசாகக் கிடைக்காது. ஓட்டத்தில் முன்புல்லியின் விளிம்பு வரை ஏற முடியாது, அதனால் மேல் கியரும் முழுசாகக் கிடைக்காது. பிக்கப்பும் போச்சு, டாப் ஸ்பீடும் போச்சு என்று வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் பெல்ட்தான் காரணம் என்பது அவர் அனுபவம். ரோலர், பெல்ட், சுத்தம், பின்களுக்குப் புதுக் கிரீஸ். இவ்வளவு மட்டும் செய்ததில் சிறுமலையில் முழு முறுக்கில் சுற்று 5,600-க்கு வந்து நின்றது. சொல்லப்போனால் நிறையப் பேருக்கு வேலை இத்தோடு முடிந்துவிடும். தேய்ந்த சாமான் மேல் பெர்ஃபார்மன்ஸ் கிட் போடுவதைப் போல வீண் செலவு வேறில்லை என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

நட்டைக் கழற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். புல்லி சுற்றாமல் இருக்க, சிலர் அதன் மேல் இருக்கும் காற்றாடி இறக்கைகளுக்கு நடுவே ஸ்க்ரூடிரைவரைச் சொருகுவார்கள். இறக்கை ஒன்று பொட்டென்று உடைந்துவிடும். உள்ளே காற்று அடித்துப் பெல்ட்டைக் குளிர வைப்பது அந்த இறக்கைகள்தான். ஒன்று உடைந்தால் புல்லியின் சமநிலையும் போகும். பிடிப்பதற்கென்றே கருவி இருக்கிறது, அதை வைத்துச் செய்கிற ஆளிடம் மட்டும் வண்டியைக் கொடுங்கள்.

அடுத்து எடை. ரோலர் லேசானால், அதே தள்ளுவிசையைத் தர அது இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். மைய விலக்கு விசை எடைக்கு நேர்விகிதம், சுற்று வேகத்தின் வர்க்கத்துக்கும் நேர்விகிதம். அதனால் எடையை 10 சதவீதம் குறைத்தால் சுற்று 10 சதவீதம் கூடாது, 5 சதவீதத்தை ஒட்டித்தான் கூடும். 5,600 என்றால் 5,900. காகிதத்தில் இப்படிக் கணக்குப் போட்டு வைத்துக்கொண்டு, ரோலரை மாற்றி, மலையேறி, மீட்டரில் 5,900-ஐ ஒட்டிப் பார்த்தபோது வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த சூத்திரம் கொண்டை ஊசி வளைவில் வேலை செய்கிறது. ஸ்னோமொபைல்காரர்களிடமும் ஒரு தோராயக் கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு கையிலும் ஒரு கிராம் மாறினால் சுமார் 100 சுற்று மாறும் என்பார்கள். அவர்கள் எடை அதிகம், சுற்று அதிகம். சூத்திரம் ஒன்றுதான்.

ரோலர் பெட்டியில் போட்டிருக்கும் கிராமை அப்படியே நம்ப வேண்டாம். தெற்காவணி மூல வீதியின் பின்சந்தில் நண்பனுக்கு நகைப்பட்டறை இருக்கிறது. தங்கம் நிறுக்கும் தராசில் ஆறையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். ஒரே பெட்டியில் வந்தவைதான், ஆனாலும் எடையில் சின்னச் சின்ன வித்தியாசம் இருந்தது. எடை பொருந்துகிற ஜோடிகளை எதிரெதிர்த் தடத்தில் போட்டோம். வேண்டிய எடை கடையில் இல்லை என்றால் இரண்டு எடைகளில் மும்மூன்று வாங்கி, ஒன்றுவிட்டு ஒன்று மாற்றிப் போடலாம். சராசரி எடைக்குத் தகுந்தபடி வண்டி நடந்துகொள்ளும்.

அதற்காக ரோலரை லேசாக்கிக்கொண்டே போகக் கூடாது. ஒரு கட்டத்துக்குக் கீழே எடை இறங்கினால், பெல்ட்டை விளிம்பு வரை தள்ள ரோலருக்குத் தெம்பு இருக்காது. எஞ்சின் கத்தும், வண்டி அந்த அளவுக்குப் போகாது, பெட்ரோலும் கூடக் குடிக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு அருமையான வழி உண்டு. ஸ்னோமொபைல் ஓட்டுகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். முன்புல்லியின் முகத்தில் நடுவிலிருந்து விளிம்பு வரை மார்க்கர் பேனாவில் ஒரு கோடு போடுங்கள். கவரை மூடி, ரிங் ரோட்டில் காலையில் கூட்டம் இல்லாத நேரமாக ஒரு நீள ஓட்டம் போய் வாருங்கள். திறந்து பார்த்தால் பெல்ட் எதுவரை ஏறியதோ அதுவரை மை அழிந்திருக்கும். விளிம்பை ஒட்டி ஒரு நூல் அளவுக்கு மட்டும் மை மிச்சம் இருந்தால் மேல் கியர் முழுசாகக் கிடைக்கிறது என்று அர்த்தம். ஒரு விரல் அகலத்துக்கு மை அப்படியே இருந்தால் ரோலர் தேவைக்கு மேல் லேசு, இல்லாவிட்டால் பின் ஸ்பிரிங் தேவைக்கு மேல் கெட்டி. பத்து ரூபாய் பேனா சொல்கிற இந்த உண்மையை எந்த விளம்பரமும் சொல்லாது.

காண்ட்ரா ஸ்பிரிங் விஷயத்தில் நான் கண்டிப்பானவன். 1000 ஆர்பிஎம், 1500 ஆர்பிஎம் என்று எழுதிய ஸ்பிரிங்குகள் விற்கிறார்கள். அந்த எண் அளவுக்கு உங்கள் எஞ்சின் சுற்று கூடும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அது கெட்டித்தனத்துக்கு வைத்த அடையாளம் மட்டுமே. கெட்டி ஸ்பிரிங் போட்டால் வளைவில் சீக்கிரம் கீழ் கியருக்கு வரும், உண்மைதான். கூடவே பெல்ட்டை எந்நேரமும் நசுக்கிக்கொண்டிருக்கும். நசுங்குகிற பெல்ட் சூடாகும். கால்கரித் தம்பி ஓட்டுவது பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி குளிரில். அவனே ஓட்டத்தை நிறுத்தியதும் புல்லியைத் தொட்டுப் பார்த்து, எது அதிகம் சுடுகிறதோ அங்கே பெல்ட் வழுக்குகிறது என்று கண்டுபிடிக்கிறான். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் மதுரையில் அந்தக் கவருக்குள் என்ன பாடு படும்? சாதாரண எஞ்சினுக்குக் கம்பெனி ஸ்பிரிங் போதும். தளர்ந்திருந்தால் அதே அளவில் புதுசு போடுங்கள்.

கிளட்ச் ஷூவைப் பிடித்திருக்கும் மூன்று குட்டி ஸ்பிரிங்குகளுக்கும் இதே பதில்தான். கெட்டியாகப் போட்டால் எஞ்சின் அதிகச் சுற்றுக்கு வந்த பிறகுதான் வண்டி கிளம்பும். சிக்னலில் பாய்ந்து கிளம்பும் ஆசை உள்ளவர்களுக்கு அது பிடிக்கும். ஆனால் சித்திரைத் திருவிழா சமயத்தில் கோரிப்பாளையத்தை ஸ்கூட்டரில் கடந்து பாருங்கள். நடக்கிற வேகத்தில், பாதி முறுக்கில், அங்குலம் அங்குலமாக ஊர்வீர்கள். அந்த நேரம் முழுவதும் ஷூ டிரம்மை முழுசாகப் பிடிக்காமல் உரசிக்கொண்டே இருக்கும். உரசி உரசி முகம் கண்ணாடி மாதிரி வழவழப்பாகிவிடும், பிறகு கிளம்பும்போது வண்டி நடுங்கும். கெட்டி ஸ்பிரிங் போட்டால் உரசும் நேரம் இன்னும் கூடும். நம் ஊர் நெரிசலுக்கு அது ஆகாது. நெரிசலில் பாதி முறுக்கில் பிடித்துக்கொண்டு ஊராமல், இடைவெளி விட்டு நின்று, ஒழுங்காகக் கிளம்பி நகர்வது ஷூவுக்கு எவ்வளவோ நல்லது.

கியர் விகிதம் என்று தனியாக ஒன்று உண்டு. ஸ்னோமொபைலில் செயின் பெட்டிக்குள் மேலும் கீழும் இருக்கும் பல்சக்கரங்களை மாற்றி, மலைக்கு ஒன்று, உறைந்த ஏரியின் சமதளத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்கிறார்கள். ஸ்கூட்டரில் பின்சக்கரத்தை ஒட்டிய கியர்பாக்ஸைப் பிரித்துப் பற்களை மாற்ற வேண்டும். மாற்றுப் பற்கள் இங்கே எளிதில் கிடைப்பதில்லை, நானும் தேடி அலையவில்லை. அந்தப் பெட்டியின் ஆயிலை மட்டும் மறக்காமல் மாற்றுங்கள், பல பேர் அப்படி ஒன்று தனியாக இருப்பதே தெரியாமல் வருஷக்கணக்கில் ஓட்டுகிறார்கள். டயர் உயரம் மாறினாலும் விகிதம் மாறும். 90/100-10 டயருக்குப் பதில் 100/90-10 போட்டால் "கியர் மாறிடும்" என்று ஒரு கடையில் சொன்னார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் எண் மில்லிமீட்டரில் டயரின் அகலம், அடுத்தது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்க உயரம், கடைசி 10 அங்குலத்தில் ரிம்மின் விட்டம். 90-ல் 100 சதவீதம் 90, 100-ல் 90 சதவீதமும் 90. இரண்டுமே 434 மில்லிமீட்டர் உயரம். அகலம்தான் கூடுகிறது, விகிதம் அப்படியே இருக்கிறது.

கொடைக்கானல் கதை வேறு. மதுரை கடல் மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரம், கொடைக்கானல் 2,100 மீட்டருக்கும் மேல். உயரம் போகப் போகக் காற்று மெலிந்து, ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் எஞ்சின் சக்தி குறையும். மேலே போய்ச் சேரும்போது ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ஆனால் ரோலரின் எடை குறைவதில்லை. பலமிழந்த எஞ்சின் அதே ரோலரைச் சுமக்க முடியாமல் சுற்று இறங்கும். ராக்கி மலைப் பக்கம் ஓட்டுகிறவர்கள் இதனால்தான் உயரத்துக்கு ஏற்ற எடைகளைத் தனியாகப் பையில் வைத்திருக்கிறார்கள். என் வண்டி வத்தலக்குண்டில் 5,900 காட்டியது. பெருமாள்மலை தாண்டும்போது அதைவிட நன்றாகவே இறங்கிவிட்டது. கொடைக்கானலிலேயே குடியிருப்பவர் என்றால் இன்னும் லேசான ரோலர் போடுவது நியாயம். எப்போதாவது போய் வருகிற எனக்கு, வருஷம் முழுக்க மதுரையில் ஓட்டும் வண்டியை அதற்காக மாற்ற மனமில்லை. இப்போது இருக்கிற 10 சதவீதக் குறைப்பே சிறுமலைக்கும் சேர்த்து ஒத்துவருகிறது. மைலேஜ் கொஞ்சம் குறைந்திருக்கிறது. அதைத் தெரிந்தேதான் விட்டுக்கொடுத்திருக்கிறேன்.

ஏற்றத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், இறக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இந்த வண்டிகளில் ஆக்சிலேட்டரை முழுசாக விட்டு, வேகமும் குறைந்துவிட்டால் கிளட்ச் ஷூ டிரம்மை விட்டு விலகிவிடும். பிறகு எஞ்சின் பிடிமானமே கிடையாது, வண்டி சும்மா உருளும். வளைவை மெதுவாகத் திரும்பிய பின் சரிவில் வண்டி தானாக வேகமெடுப்பது இதனால்தான். அப்போது ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டுவிட்டால் ஷூ மறுபடி கவ்வும், எஞ்சினும் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். மீதியெல்லாம் பிரேக்தான். டிரம் பிரேக் வண்டியில் இரண்டு பேர் இறங்கும்போது பிடித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடாகிப் பிடி குறையும். விட்டு விட்டுப் பிடியுங்கள், பாதியில் ஓரம் கட்டிக் கொஞ்ச நேரம் ஆற விடுங்கள். பின்னால் இரண்டு தார் மலைவாழையும் கட்டியிருந்தால் இன்னும் சீக்கிரமே நிறுத்துங்கள்.